இணையதள மென்பொருளும் சில பழைய மயக்கங்களும்

ஓர் இணையதளம் அமைப்பதைப் பற்றி நிர்வாகிகள் கூடி ஆலோசிக்கும் இடங்களில், வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா என்னும் பெயர்கள் எழுந்த மாத்திரத்தில், அவற்றின் பின்னே சில அபிப்பிராயங்களும் தாமாகவே எழுந்து வருவதைக் காணலாம். சும்மா கிடைப்பது எப்படித் தரமாயிருக்கும் என்பார் ஒருவர். மூலநிரல் ஊரறியக் கிடக்கும்போது உள்ளே புக நினைப்பவனுக்கு வேலை சுலபமாகிவிடாதா என்பார் இன்னொருவர். நாளை ஏதாவது நேர்ந்தால் யாரைப் போய்க் கேட்பது என்று பொருளாளர் கவலைப்படுவார். வலைப்பதிவு எழுதுகிறவர்களுக்கென்று ஏற்பட்ட ஒன்றைக் கொண்டு பெரிய ஸ்தாபனத்தின் காரியத்தை நடத்த முடியுமா என்ற சந்தேகம் தலைவருக்கு இருக்கும். இவையெல்லாம் வெறும் அறியாமை என்று கணினி வல்லுநர் கையை வீசி ஒதுக்கிவிடுவதுண்டு, அது நியாயமன்று. இந்த மென்பொருள்களின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்த்தால், இம்மயக்கங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிறந்த காலமும் பிறந்த இடமும் உண்டென்பதும், ஒரு காலத்தில் மெய்யாகவோ பாதி மெய்யாகவோ இருந்த செய்தியே, காலம் மாறிய பின்னரும் தன் இடத்தை விட்டு நகராமல் நின்று மயக்கமாகிவிட்டது என்பதும் விளங்கும்.

1993 ஏப்ரல் 30 அன்று, ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக்கூடம், டிம் பெர்னர்ஸ்-லீ அங்கே இருந்தபோது உருவாக்கிய உலகளாவிய வலையின் நிரல்களை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று அறிவித்ததற்குப் பின் இணையதளங்கள் பெருகத் தொடங்கின. ஆயினும் அவற்றை நடத்திச் செல்வது லேசான காரியமாக இருக்கவில்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரு தனிக் கோப்பு. மேலே உள்ள முத்திரையை மாற்றவோ, ஓரத்துப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கவோ வேண்டுமானால், நூறு பக்கங்கள் உள்ள தளத்தில் நூறு கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எச்டிஎம்எல் குறிகளுக்கு நடுவே தேடித் திருத்தி, மீண்டும் சர்வரில் ஏற்ற வேண்டும். செய்தியை எழுதுகிறவர் ஒருவர், அதைக் குறிகளுக்குள் பொதிந்து ஏற்றுகிறவர் வேறொருவர்; பின்னவர் விடுப்பில் போனால் முன்னவர் எழுதியது மேசையிலேயே கிடக்கும். எழுத்தையும் தோற்றத்தையும் பிரித்து, எழுத்தைத் தரவுத்தளத்தில் வைத்து, தோற்றத்தை ஓர் அச்சாக அமைத்துக்கொண்டு, வாசகர் கேட்கும் கணத்தில் இரண்டையும் சேர்த்துப் பக்கமாக்கித் தருவதுதான் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளின் முழு ரகசியமும்.

அந்த ரகசியம் முதலில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை சாமானியருக்கு எட்டுவதாக இல்லை. அமெரிக்காவின் சிநெட் நிறுவனம் தன் சொந்தத் தேவைக்காக எழுதிக்கொண்ட நிரலிலிருந்து வளர்ந்த ஸ்டோரிசர்வரை விக்னெட் என்னும் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் விற்றது. பெரிய செய்தி நிறுவனங்களும் வங்கிகளும் லட்சக்கணக்கான டாலர் கொடுத்து அதை வாங்கின. வாங்கியதை நிறுவித் தர வந்த ஆலோசகர்களின் சம்பளம் வேறு. அவ்வளவு பணம் கொடுத்தவர்களுக்கு, அதே வேலையை ஒரு மாணவன் எழுதி ஊருக்கெல்லாம் வழங்கும் நிரல் செய்துவிடும் என்பதை நம்ப மனம் வராதது இயல்பே. தரத்தை விலையால் அளக்கும் பழக்கம் உலகுக்குப் புதிதல்ல என்றாலும், இந்தத் தொழிலில் அது வேர்விட்டது அந்தச் சில ஆண்டுகளில்தான்.

மாணவன் என்று சொன்னது அலங்காரத்துக்காக அன்று. 2000ஆம் ஆண்டில், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இடையறாத இணைய இணைப்பு என்பது அரிய பொருளாக இருந்தது. டிரீஸ் பைட்டார்ட், ஹான்ஸ் ஸ்நைடர் என்னும் இரு மாணவர்கள், ஹான்ஸிடம் இருந்த ஒரே ஏடிஎஸ்எல் மோடத்தை எட்டுப் பேர் பகிர்ந்துகொள்ளும்படி விடுதிகளுக்கிடையே கம்பியில்லாப் பாலம் ஒன்று அமைத்தார்கள். இணைப்பு வேலை செய்கிறதா, இன்றிரவு எங்கே சாப்பிடப் போகிறோம் என்பன போன்ற சில்லறைச் செய்திகளைத் தங்களுக்குள் எழுதிவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அதற்காகப் பைட்டார்ட் எழுதிய சிறு நிரலே பின்னர் ட்ரூபல் ஆயிற்று. 2001 ஜனவரியில் அதன் முதல் பதிப்பு வெளிவந்தது. சாப்பாட்டுச் சேதி பரிமாறப் பிறந்த அந்த நிரல், ஒன்பதாண்டுகள் நிறைவதற்குள், 2009 அக்டோபரில், அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகை இணையதளத்தைச் சுமக்கத் தொடங்கியது. 2010இல் மாளிகையின் ஊழியர்கள் தாங்கள் எழுதிச் சேர்த்த சில பகுதிகளை மற்றவர் பயன்பாட்டுக்கென்று திருப்பியும் அளித்தார்கள். வாங்கியவரே கொடுத்தவராகவும் ஆகும் இவ்வகை விவகாரம் விக்னெட் காலத்தவர்க்குப் புரிந்திருக்காது.

ஆண்ட்வெர்ப் மட்டும் தனியாக இருந்ததென்று எண்ண வேண்டியதில்லை. வெனிசுவேலாவில் பிரான்சிஸ்கோ பர்சி 2000இல் பிஎச்பி-நியூக் என்பதை வெளியிட்டார். டென்மார்க்கின் காஸ்பர் ஸ்கோர்ஹோய் டைப்போ3 என்பதை ஆக்கிக்கொண்டிருந்தார். பிரான்சில் 2001இல் ஸ்பிப் தோன்றியது. ஒரே காலத்தில், ஒருவரையொருவர் அறியாத பல ஊர்களில், ஒரே வகைப் பொருள் முளைப்பதற்கு மண் பக்குவமாயிருந்தது என்றே கொள்ள வேண்டும். ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம் சொந்தப் பக்கத்துக்காக எழுதி 1995இல் வெளியிட்ட கருவிகள் பிஎச்பி மொழியாக வளர்ந்திருந்தன. அப்பாச்சி சர்வரும், சுவீடனில் பிறந்த மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் அதே ஆண்டில் வந்தவை. இம்மூன்றையும் ஒரே கணினியில் ஏற்றி, நூற்றுக்கணக்கானவர்க்குச் சிறு சிறு பங்காக வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் வியாபாரம் பெருகியபோது, ஒரு கோப்புறையை அப்படியே ஏற்றிவிட்டுத் தரவுத்தளத்தின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுத்தால் போதும் என்னும் நிலைமை உண்டாயிற்று. அந்தச் சௌகரியமே இந்த மென்பொருள்களை உலகெங்கும் கொண்டு சேர்த்தது.

அந்தச் சௌகரியத்துக்குள்ளேயே ஒரு கேடும் இருந்தது. அக்காலத்துப் பிஎச்பி மொழியில், வாசகர் முகவரிக் கட்டத்தில் எழுதி அனுப்பும் எந்தப் பெயரும், எழுதிய மாத்திரத்தில் நிரலுக்குள் ஒரு மாறியாகப் புகுந்துவிடும் ஏற்பாடு ஒன்று உண்டு. நிரல் எழுதினவர், நிர்வாகி உள்ளே நுழைந்திருக்கிறாரா என்பதைக் குறிக்க ஒரு மாறியை வைத்து, அதற்குத் தொடக்க மதிப்புக் கொடுக்க மறந்திருந்தால், வெளியில் இருப்பவர் அந்தப் பெயரை முகவரியோடு சேர்த்து, அதன் மதிப்பு ஒன்று என்று எழுதி அனுப்பினால் தீர்ந்தது. கடவுச்சொல் இன்றியே அவர் நிர்வாகியாகிவிடுவார். 2002 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பில்தான் இந்த ஏற்பாடு இயல்பில் அணைக்கப்பட்டது. மொழியிலிருந்தே நீக்கப்பட்டது 2012இல். பிஎச்பி-நியூக் போன்ற ஆரம்பகால மென்பொருள்களில் ஓட்டைகள் மாதந்தோறும் என்னும்படி கண்டுபிடிக்கப்பட்டு வந்தன. திறந்த மூலம் என்றால் பாதுகாப்பில்லை என்ற பேச்சுக்கு அந்த ஆண்டுகள்தான் பிறப்பிடம். அன்றைக்கு அப்படிச் சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குற்றம் மூலநிரல் திறந்து கிடந்ததில் இல்லை; இளம் மொழியிலும், அதை அவசரமாகக் கற்று எழுதியவர்களின் அனுபவக் குறைவிலும் இருந்தது.

வேர்ட்பிரஸ் பிறந்த கதையை எடுத்துக்கொண்டால், எழுதியவர் போய்விட்டால் மென்பொருளும் போய்விடும் என்ற பயத்துக்கு விடை அதன் முதல் பக்கத்திலேயே இருப்பது தெரியும். கோர்சிகாத் தீவைச் சேர்ந்த மிஷேல் வால்ட்ரிகி 2001இல் தொடங்கிய பி2 என்னும் வலைப்பதிவு நிரல், எளிமையால் பலரையும் கவர்ந்திருந்தது. ஆனால் 2002இன் பிற்பகுதியில் அதில் புதிய வேலை எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை, ஆசிரியரையும் காணோம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கல்லூரி மாணவராயிருந்த மேட் மல்லன்வெக், 2003 ஜனவரி 24 அன்று, தாம் நம்பியிருந்த நிரல் கைவிடப்பட்டுப் போனதைச் சொல்லி, அதன் உரிமம், எவரும் திருத்தி வழங்க இடந்தரும் ஜிபிஎல்லாக இருப்பதால், அதிலிருந்து கிளை பிரித்துத் தாமே தொடரலாம் என்று எழுதினார். இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் இருந்த மைக் லிட்டில், தாமும் சேர்ந்துகொள்வதாகப் பதில் எழுதினார். 2003 மே 27 அன்று 0.7 என்ற எண்ணோடு வேர்ட்பிரஸ் வெளிவந்தபோது, அதன் கோப்புகள் பலவற்றின் பெயர் இன்னும் பி2 என்றே தொடங்கிக்கொண்டிருந்தது. அதே பி2இலிருந்து, பி2எவல்யூஷன் என்று பிரான்சில் ஒரு கிளையும், பல தளங்களை ஒரே நிறுவலில் நடத்த வல்ல இன்னொரு கிளை அயர்லாந்திலும் பிரிந்தன. அயர்லாந்துக் கிளை பின்னர் வேர்ட்பிரஸோடு கலந்துவிட்டது. ஆசிரியர் மறைந்தபின் பொருள் மடிந்துபோன உதாரணங்கள் இத்துறையில் ஆயிரம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. உரிமம் அளித்தது தொடர்வதற்கான அனுமதியைத்தான். தொடர்ந்து நடத்த இருவர் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

அந்த அதிர்ஷ்டத்துக்கு அடுத்த ஆண்டே ஒரு துணை கிடைத்தது. அக்காலத்தில் வலைப்பதிவாளரிடையே பிரசித்தமாயிருந்தது மூவபிள் டைப். பென் டிராட், மேனா டிராட் என்னும் தம்பதியர் 2001 அக்டோபரில் வெளியிட்ட அந்த நிரலைச் சொந்த உபயோகத்துக்குப் பணம் கொடுக்காமல் பெறலாம். நிரல் முழுவதையும் திறந்து படிக்கவும் செய்யலாம். ஆகவே அதையும் திறந்த மூலம் என்றே பலர் எண்ணியிருந்தார்கள். 2004 மே மாதம் 3.0 பதிப்பு வந்தபோது, கட்டணமில்லாப் பிரதி ஓர் ஆசிரியருக்கும் மூன்று வலைப்பதிவுகளுக்கும் மட்டுமே என்று வரம்பு கட்டப்பட்டது. சட்டப்படி அவர்கள் செய்ததில் பிழையில்லை. தங்கள் பொருளுக்குத் தாங்கள் விலை வைத்தார்கள். அவ்வளவுதான். ஆனால் விலையின்மையையும் சுதந்திரத்தையும் ஒன்றென்று எண்ணியிருந்தவர்களுக்கு அன்று விழிப்பு ஏற்பட்டது. மார்க் பில்கிரிம் என்னும் எழுத்தாளர், தம்முடைய வலைப்பதிவுகள் அத்தனைக்கும் புதிய கணக்கின்படி 535 டாலர் ஆகுமென்று கண்டு, வேர்ட்பிரஸுக்கு மாறி, அந்த 535 டாலரையும் வேர்ட்பிரஸ் எழுதுகிறவர்களுக்கே நன்கொடையாக அனுப்பிவைத்தார். பணம் மிச்சமாகும் என்பதற்காகத்தான் மக்கள் திறந்த மூலத்துக்கு வருகிறார்கள் என்பவர்களுக்கு இந்த ஒரு செய்கை நல்ல மறுமொழி. மூவபிள் டைப்பும் 2007 டிசம்பரில் திறந்த மூலப் பதிப்பொன்றை வெளியிட்டது. அதற்குள் கூட்டம் கலைந்து வேறிடம் போய்விட்டிருந்தது.

இங்கே ஜிபிஎல் உரிமத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்; ஏனெனில் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் அதில் இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் எழுதி வெளியிட்ட ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991 ஜூனில் வந்தது. வேர்ட்பிரஸும் ட்ரூபலும் ஜூம்லாவும் அந்த இரண்டாம் பதிப்பின் நிழலில் நிற்பவை. பெற்றவர் எக்காரியத்துக்கும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஆனால் வழங்கும்போது, தாம் பெற்ற அதே உரிமைகளோடு, மூலநிரலையும் சேர்த்தே வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். விலை வாங்கக் கூடாதென்று அதில் எங்கும் இல்லை. விற்கலாம் என்பதை ஸ்டால்மன் ஒளிவுமறைவின்றிச் சொல்லி வந்திருக்கிறார். விற்றவரிடம் வாங்கியவர் அதை மற்றவர்க்கு இலவசமாகவே கொடுப்பதை விற்றவர் தடுக்க முடியாது என்பதுதான் வியாபாரிகளுக்குக் கசக்கும் பகுதி. 2010 ஜூலையில் தீசிஸ் என்னும் தீமினை, அதாவது தளத்தின் தோற்ற அச்சினை, விற்றுவந்த கிறிஸ் பியர்சனுக்கும் மல்லன்வெக்குக்கும் இடையே இதைப் பற்றியே பகிரங்கமாகத் தர்க்கம் மூண்டது. வேர்ட்பிரஸின் உட்செயல்களை அழைத்தே இயங்கும் தீமும் அதே உரிமத்துக்குக் கட்டுப்பட்டது என்பது ஒரு கட்சி, தம் உழைப்பு தமக்கே என்பது மறு கட்சி. முடிவில் பியர்சன் தம் தீமின் பிஎச்பி பகுதியை ஜிபிஎல்லில் வைத்து, படங்களையும் தோற்ற விதிகளையும் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். தீம்களும், கூடுதல் வசதி சேர்க்கும் ப்ளகின்களும் விற்றுப் பிழைக்கும் தொழில் அதன்பின் குன்றவில்லை, வளர்ந்தது.

இன்னொரு பயம், அலுவலகங்களில் அடிக்கடி கேட்பது: திறந்த மூல மென்பொருளில் தளம் அமைத்தால், நாம் செய்த மாற்றங்களையும், ஏன், நாம் எழுதிய கட்டுரைகளையும்கூட, ஊருக்கு விட்டுக்கொடுக்க நேருமோ என்பது. நிரலைப் பிரதி செய்து பிறருக்கு அளிக்கும்போதுதான் ஜிபிஎல்லின் கடமை பிறக்கிறது. தம் சர்வரில் வைத்துத் தாம் நடத்திக்கொள்ளும் வரையில், செய்த திருத்தம் எதையும் எவருக்கும் காட்ட வேண்டியதில்லை. கட்டுரைகளோ அந்த உரிமத்துக்குச் சம்பந்தமே இல்லாதவை.

நிரல் அனைவருக்கும் பொது என்றவுடன் அதற்குச் சொந்தக்காரரே இல்லை என்று முடிவுகட்டுவதும் ஒரு மயக்கம். ஆஸ்திரேலியாவின் மீரோ நிறுவனம் தொடங்கி, 2001இல் ஜிபிஎல்லில் வெளியிட்ட மேம்போ என்பது, உலகெங்கும் உள்ள தொண்டர்கள் கைபட்டு வளர்ந்து மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்தது. 2005 ஆகஸ்டில் அதற்கென்று ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டபோது, அதன் விதிகள் நிறுவனத்தின் பிடியை இறுக்குகின்றன என்று மனம் கசந்த மைய நிரலாளர்கள், ஆண்ட்ரூ எடியின் தலைமையில் ஒட்டுமொத்தமாக விலகினார்கள். போகும்போது நிரலை எடுத்துக்கொண்டு போக அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. மேம்போ என்ற பெயரை எடுத்துப் போக இல்லை, அது மீரோவின் வணிகச் சின்னம். ஆகவே ஜூம்லா என்று புதுப் பெயர் தேடி, 2005 செப்டம்பரிலேயே தங்கள் 1.0 பதிப்பை வெளியிட்டார்கள். பெயர் ஒரு பக்கமும் ஆட்கள் மறு பக்கமும் நின்ற அந்தப் பிரிவினையில், வாசல் பலகையை வைத்திருந்தவர்கள் தோற்று, வெறுங்கையோடு போனவர்கள் வென்றார்கள். மேம்போ சில ஆண்டுகளில் நினைவாகிவிட்டது.

பெயரின் உரிமை எப்போதும் அப்படித் தோற்றுவிடும் என்று சொல்வதற்கில்லை. ட்ரூபல் என்ற சின்னம் இன்றும் பைட்டார்ட்டுக்குச் சொந்தம். வேர்ட்பிரஸ் சின்னத்தை, மல்லன்வெக் 2005இல் தொடங்கிய ஆட்டோமாட்டிக் நிறுவனம் 2010இல் வேர்ட்பிரஸ் அறக்கட்டளைக்கு மாற்றியது; வணிக உபயோகத்துக்கான உரிமை மட்டும் நிறுவனத்துக்கே திரும்பி வந்தது. 2024 செப்டம்பரில், வேர்ட்பிரஸ் தளங்களை ஹோஸ்டிங் செய்து வளர்ந்த டபிள்யூபி எஞ்சின் என்னும் நிறுவனத்துக்கும் ஆட்டோமாட்டிக்குக்கும் சின்னத்தைக் குறித்துச் சச்சரவு முற்றி, வேர்ட்பிரஸின் புதுப்பிப்புகளும் ப்ளகின்களும் வந்திறங்கும் மைய சர்வர் டபிள்யூபி எஞ்சினுக்கு அடைக்கப்பட்டது. விவகாரம் அக்டோபரில் நீதிமன்றம் ஏறி, டிசம்பரில் இடைக்காலத் தடையாணையும் பிறந்தது. நிரல் திறந்திருக்கிறது, உண்மைதான். அது வந்துசேரும் குழாயின் திருகு ஒருவர் கையில் இருக்கிறது என்பதைப் பலர் அன்றுதான் கவனித்தார்கள். திறந்த மூலத்தைப் போற்றுகிறவர்களிடையே நிலவும் மயக்கங்களில், நிரல் திறந்திருந்தால் போதும் என்பதை முதலாவதாக வைப்பேன்.

வலைப்பதிவுக்கு மட்டுமே உரியது என்ற அபிப்பிராயத்தைச் சுருங்கச் சொல்லி முடிக்கலாம். 2003இல் வேர்ட்பிரஸைப் பற்றி அப்படிச் சொன்னவர் மெய்யே சொன்னார். 2004இல் ப்ளகின் ஏற்பாடும், 2005இல் வந்த 1.5 பதிப்பில் தீம்களும் தேதி சாராத நிலைப்பக்கங்களும் சேர்ந்தன. 2010இல் வந்த 3.0 பதிப்பு, பதிவு என்பதற்குப் பதிலாகப் புத்தகம், நிகழ்ச்சி, வேலைவாய்ப்பு என்று எவ்வகைப் பொருளையும் வகுத்துக்கொள்ள வழி செய்தது. இன்று டபிள்யூ3டெக்ஸ் கணக்கின்படி உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில் நடக்கின்றன. வெள்ளை மாளிகையே 2017 டிசம்பரில் ட்ரூபலை விட்டு வேர்ட்பிரஸுக்கு மாறிவிட்டது.

பாதுகாப்பைப் பற்றிய பேச்சுக்குத் திரும்பினால், இரு தரப்பாரும் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக அழைக்கக்கூடிய ஒரு நாள் உண்டு: 2014 அக்டோபர் 15. ட்ரூபலின் ஏழாம் பதிப்பில், தரவுத்தளத்துக்குச் செல்லும் கேள்விகளுக்குள் அந்நியர் கட்டளை புகுந்துவிடாதபடி காப்பதற்கென்றே எழுதப்பட்ட பகுதியிலேயே ஒரு பிழை இருந்தது. பல மதிப்புகள் அடங்கிய பட்டியல் வரும்போது, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடக்குறி செய்துகொள்ளும் அந்த நிரல், பட்டியலின் வரிசை எண்ணை அப்படியே எடுத்து இடக்குறியின் பெயரோடு ஒட்டியது. எண் இருக்க வேண்டிய இடத்தில் தாக்க வருகிறவன் தன் கட்டளையை எழுதி அனுப்பினால், அதுவும் கேள்வியின் அங்கமாகிவிடும். திருத்தம் ஒரே வரி: பட்டியலை எடுத்துக்கொள்ளுமுன், வந்த குறிகளைத் தள்ளிவிட்டு, பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று தானே எண்ணிட்டுக்கொள்வது. அந்த ஒரு வரியோடு 7.32 பதிப்பு வெளிவந்த சில மணி நேரத்துக்குள், எது திருத்தப்பட்டது என்பதைப் படித்தறிந்தவர்கள் தானியங்கித் தாக்குதலைத் தொடங்கிவிட்டார்கள். அக்டோபர் 29 அன்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழுவே, அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் புதுப்பிக்கப்படாத ஒவ்வொரு தளமும் உடைக்கப்பட்டுவிட்டதென்றே எண்ணிக்கொள்ளுங்கள் என்று பகிரங்கமாக எழுதியது.

திறந்திருந்ததால் தாக்கினார்கள் என்று ஒருவர் சொல்லலாம். ஏழாம் பதிப்பு 2011 ஜனவரியில் வந்தது. நான்காண்டுக்குச் சற்றுக் குறைவாக அப்பிழை எல்லார் கண்ணெதிரிலும் இருந்தும் பிடிபடவில்லையே, பல கண்கள் பார்த்தால் பிழை ஒளிய முடியாது என்று எரிக் ரேமண்ட் எழுதிய பிரசித்த வாக்கியம் என்னவாயிற்று என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிழையைக் கண்டுபிடித்தது செக்ஷன்ஐன்ஸ் என்னும் ஜெர்மானிய நிறுவனம். வாடிக்கையாளர் ஒருவர் பணம் கொடுத்து ட்ரூபலைப் பரிசோதிக்கச் சொன்னதால் அது கண்டுபிடித்தது. படிக்க எல்லாருக்கும் அனுமதி உண்டென்பதால் எல்லாரும் படித்திருப்பார்கள் என்று நம்பியிருந்ததுதான் பிசகு. அதே சமயம், தனக்குச் சம்பந்தமில்லாத ஒருவரின் மென்பொருளை, அதன் ஆசிரியரிடம் அனுமதி கேட்காமலே ஒரு வாடிக்கையாளர் பரிசோதனைக்கு விட முடிந்ததும், கண்ட குறை இரண்டு வாரத்தில் ஒளிக்காமல் இவ்வளவு கசப்பாக ஒப்புக்கொள்ளப்பட்டதும், மூடிய மென்பொருளில் எளிதில் நடவாதவை.

உண்மையில், உடைக்கப்படும் தளங்களில் பெரும்பாலானவை மைய நிரலின் வழியாக உடைக்கப்படுவதில்லை. படங்களை அளவு வெட்டித் தரும் டிம்தம்ப் என்னும் சிறு கோப்பு ஒன்று இருந்தது. நூற்றுக்கணக்கான வேர்ட்பிரஸ் தீம்களில் அவரவர் அதைச் சேர்த்துக் கட்டி விற்றார்கள். 2011 ஆகஸ்டில் அதில் ஓட்டை தெரியவந்தபோது, தம் தளத்தில் அப்படியொரு கோப்பு இருப்பதே தெரியாத லட்சக்கணக்கானவர் ஆபத்தில் நின்றார்கள். வேர்ட்பிரஸைப் புதுப்பித்தாலும் அது போகாது, தீமுக்குள் இருப்பதால். யார் வேண்டுமானாலும் நிரலை மாற்றிவிடலாம் என்ற அச்சத்துக்கும் ஒரு சம்பவம் உண்டு. மைய நிரலில் எழுதும் அனுமதி, பல ஆண்டு உழைத்துப் பழகிய ஒரு சிலருக்கே உண்டு. வெளியார் திருத்தங்களை முன்வைக்கலாம், அவ்வளவே. ஆனால் 2007இல் ஒருவன் வேர்ட்பிரஸின் சர்வருக்குள்ளேயே திருட்டுத்தனமாக நுழைந்து, இறக்குவதற்கு வைத்திருந்த 2.1.1 பதிப்பின் கோப்புகளில் கள்ளவழி ஒன்றைச் செருகிவிட்டான். மார்ச் தொடக்கத்தில் அது வெளிப்பட்டு, 2.1.2 உடனே வந்தது. நிரல் திறந்திருந்ததற்கும் இந்தத் திருட்டுக்கும் தொடர்பில்லை. பூட்டிய மென்பொருளின் சர்வர்களும் இவ்விதமே உடைக்கப்பட்டிருக்கின்றன. சிறு புதுப்பிப்புகள் உரிமையாளர் கைவைக்காமலே தாமாக நிறைவேறும் ஏற்பாடு 2013 அக்டோபரில், 3.7 பதிப்பில் வந்தது. என் அபிப்பிராயத்தில், பாதுகாப்பைப் பற்றிய அத்தனை வாதங்களையும்விட அதிகமான தளங்களைக் காப்பாற்றியது அந்த ஏற்பாடுதான்.

இந்த மென்பொருள்களுக்குத் தமிழ் ஒத்துவராது என்ற பேச்சும் நம்மிடையே ஒரு காலத்தில் இருந்தது. அதன் காரணமும் சரித்திரத்தில்தான் கிடக்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் பழைய பதிப்புகள் எழுத்துகளை மேலை ஐரோப்பிய வரிவடிவமென்று கருதியே சேமித்தன. சுவீடனில் பிறந்த பொருளாகையால், அகரவரிசையும் இயல்பில் சுவீடன் மொழியுடையது. யூனிகோடில் எழுதிய தமிழ்ப் பதிவு, மூன்று மூன்று பைட்டுகளாக, ஐரோப்பிய எழுத்து வேடத்தில் உள்ளே போய், அதே வேடத்தில் வெளியே வந்து உலாவியில் சரியாகத் தெரியும். தரவுத்தளத்தை வேறு சர்வருக்கு மாற்றும் அன்றோ, மேம்படுத்தும் அன்றோ, வேடம் கலைந்து, பல ஆண்டு எழுத்தும் புரியாத ஐரோப்பியக் குறிகளாகவோ கேள்விக்குறிகளாகவோ மாறிப்போகும். 2007இல் வந்த வேர்ட்பிரஸின் 2.2 பதிப்பில் எழுத்துக் குறிமுறையை அமைப்புக் கோப்பிலேயே சொல்லிவைக்க வழி ஏற்பட்டது. இன்னொரு சங்கடம் இன்றும் தீரவில்லை. வேர்ட்பிரஸ், பதிவின் தலைப்பிலிருந்து அதன் முகவரியை ஆக்கும்போது 200 குறிகளோடு நிறுத்திக்கொள்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு குறி போதும், தமிழின் ஒவ்வொரு யூனிகோடு எழுத்தும் விழுக்காட்டுக் குறியீட்டில் ஒன்பது குறிகளாக விரிகிறது. புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியே ஒன்பது. ஆகவே 22 எழுத்துகளோடு முகவரி அறுந்துவிடும். தமிழ்நாட்டின் என்ற ஒரு சொல்லே அதில் 13ஐ விழுங்கிவிடுகிறது. தமிழ்ப் பதிவர்கள் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இனிச் செலவைப் பற்றி. மென்பொருளுக்கு விலை இல்லை என்பதைத் தளத்துக்குச் செலவே இல்லை என்று புரிந்துகொண்டு, நிறுவிய நாளோடு கணக்கை மூடிவிடும் ஸ்தாபனங்கள் எங்கும் உண்டு. ஹோஸ்டிங்குக்கும், தோற்றம் அமைப்பதற்கும், மாதந்தோறும் புதுப்பிப்பதற்கும், காப்புப் பிரதி எடுத்து வைப்பதற்கும் ஆள் கூலி ஆகும் என்பதை அவர்கள் அறியும் நாள் பெரும்பாலும் தளம் உடைந்த நாளாக இருக்கிறது. ட்ரூபலின் கதையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2015 நவம்பரில் வந்த எட்டாம் பதிப்பு, சிம்பொனி என்னும் வேறொரு கட்டமைப்பின் மேல் ஏறக்குறைய முழுவதும் திருப்பி எழுதப்பட்டது. ஏழிலிருந்து எட்டுக்குச் செல்வது புதுப்பித்தலாக இல்லாமல், தளத்தையே மறுபடி கட்டுவதாக அமைந்தது. அதற்கு மனமில்லாத சிலர் முன்கூட்டியே ஏழாம் பதிப்பின் போக்கைத் தொடர்ந்து, பேக்டிராப் என்ற கிளையை 2015 ஜனவரியில் வெளியிட்டார்கள். மற்ற பலரோ வசதியில்லாமலோ அலட்சியத்தாலோ இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஏழாம் பதிப்பின் ஆதரவு 2021 நவம்பரில் முடியுமென்று முதலில் சொல்லப்பட்டது, அவர்களுக்காகவே பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, அப்பதிப்பு பிறந்து சரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதன் நிரலை இன்றும் எவரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அதில் அடைத்துத் தருவதற்குச் சில நிறுவனங்கள் இருக்கின்றன, அவை கட்டணம் வாங்குகின்றன.